உணவு நிவாரண விநியோகத்தில் தரவுப் பகுப்பாய்வு உண்மையில் உதவுமா?

கட்டாயம் உதவும். திருகோணமலையில் நிவாரணக் களஞ்சியக் கணக்குப் பார்க்கிறவன் என்றபடியால் சொல்கிறேன்: முதலில் கை வைக்கவேண்டியது பயனாளிப் பட்டியலில்.

வெள்ளம் வந்தால் கிராம சேவகரிடம் ஒரு பட்டியல், முகாமில் இன்னொன்று. ஒரே ஆளின் பெயர் இரண்டிலும் வேறு வேறு எழுத்தில் இருக்கும். அடையாள அட்டை இலக்கத்தை வைத்துப் பார்ப்போம் என்றால், ஒன்றில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண், மற்றதில் பன்னிரண்டு இலக்கப் புதிய எண். பழையதற்கு முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 போட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய எண் கிடைத்துவிடும். எக்செல்லில் ஒரு வரிச் சூத்திரம் போதும். இரட்டைப் பதிவும் தெரியும், விடுபட்ட குடும்பமும் தெரியும்.

இதன் பெறுமதியைப் பாருங்கள். ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி என்றால், நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு கிழமைக்கு 22.4 கிலோ. ஆயிரம் குடும்பங்களின் பட்டியலில் நூறு குடும்பம் இரட்டித்திருந்தால், இரண்டு தொன்னுக்கு மேல் அரிசி பசித்த வேறு வீட்டுக்குப் போகாமல் நின்றுவிடும்.

பெரிய அளவிலும் இது நடக்கிறது. உலக உணவுத் திட்டம் பயன்படுத்தும் ஒப்டிமஸ் என்ற கருவி, எந்த உணவு, எங்கே வாங்குவது, எந்த வழியால் அனுப்புவது என்பதையெல்லாம் ஒரே கணக்காகப் போடும். ஒரு பொருள் விலை ஏறினால், ஊட்டச்சத்துக் குறையாமல் வேறு எதை வைக்கலாம் என்றும் காட்டும். அந்தப் பணிக்கு 2021 இல், இப்படியான பகுப்பாய்வுப் பணிகளுக்குக் கொடுக்கும் பிரான்ஸ் எடெல்மன் (Franz Edelman) விருது கிடைத்தது.

ஆனால் எங்கள் பக்கம் வீதிதான் தலையிடி. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்ததால் மூதூர்ப் பயணம் இலகுவானது. மாவட்டத்தின் தெற்கே உள்ள வெருகல் அப்படியல்ல, மகாவலி பெருகினால் வீதி வெள்ளத்தில் மூழ்கும். லொறிக்குக் குறுக்கு வழி தேடுவதைவிட, முந்தைய வருடங்களின் மழைக் கணக்கையும் வீதி மூடிய நாட்களையும் பார்த்து, மாரிக்கு முன்பே அங்கே அரிசியும் பருப்பும் இறக்கி வைப்பது எவ்வளவோ மேல்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். போர் பார்த்த மண் இது. பெயர்ப் பட்டியல் என்றாலே பயப்படுகிற தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அடையாள அட்டை இலக்கம் உள்ள கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. லொறியோடு போகிறவருக்குக் குடும்ப எண்ணிக்கையும் டோக்கன் இலக்கமும் போதும்.