தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகளில் வெளியே எடுத்துப் போகும்படியாக ஏதாவது தைக்க முடியுமா?

தாராளமாக முடியும். புதிதாகத் தையல் மெஷின் வாங்கியிருப்பீர்கள், கட்டிலுக்கடியில் கட்டைப்பை நிறையத் துண்டுகள் சேர்ந்திருக்கும், வீட்டில் யாரோ "குப்பையில் போடு" என்கிறார்கள். சரிதானே? போடாதீர்கள். நான் ஃபேஷன் டிசைன் படித்தவள் அல்ல. மதுரையில் வீட்டுத் திண்ணையில் 14 ஆண்டுகளாக ரவிக்கை தைப்பவள். படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

ஒருமுறை ஓர் அம்மா பட்டுச் சேலையோடு வந்த 80 செ.மீ. துணியைத் தைக்கக் கொடுத்தார். மிச்சத்தையும் பையில் போட்டுத்தான் கொடுத்தேன். மறுநாள் இஞ்ச் டேப்போடு வந்து நின்றார். "பாதித் துணியைக் காணோமே!" முழங்கை வரை கை, உள்மடிப்பு, கழுத்துக்குக் கிராஸ் பட்டி (கோணலாக வெட்டிய பட்டை), எல்லாம் வேறெங்கிருந்து வரும்? ரவிக்கையை விரித்துத் துண்டுகளை அருகருகே அடுக்கிக் காட்டினேன். "சரி, சரி" என்று கிளம்பினார். நான் திருடியதாகச் சொன்ன துணியின் மிச்சத் துண்டுகளை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

அந்த ஆத்திரத்தில் அன்றிரவே கோணல் துண்டுகளை ஒட்டுப்போட்டுச் சுருக்குப்பை தைத்தேன். அகலம் 8 அங்குலம், உயரம் 10. பட்டு நூல் பிரியும் என்பதால் பின்புறம் இஸ்திரி போட்டால் ஒட்டும் கேன்வாஸ். உள்ளே பருத்தி லைனிங். வாயிலிருந்து 2 அங்குலம் கீழே இரண்டு தையல் ஓட்டி, நடுவில் நாடா. நாடா இரண்டு வேண்டும். ஒன்றை வலப்பக்கமிருந்தும் மற்றதை இடப்பக்கமிருந்தும் கோக்க வேண்டும். அப்போதுதான் இருபுறமும் இழுத்தால் வாய் சீராக மூடும். லைனிங் துணியை முதலில் அலசிவிடுங்கள். எனக்கென்று தைத்த பையில் சிவப்புச் சுங்குடித் துணியை அலசாமல் வைத்து, மழையில் சாயம் இறங்கி என் சந்தன நிறச் சேலை பாழானது.

பையை அந்த அம்மாவிடமே கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்தார். கல்யாணத்தில் எல்லாரும் கேட்டார்களாம், இன்னும் ஆறு வேண்டுமாம். ஒரு பைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், நூறு ரூபாய் என்றேன். "துணி என்னுடையதுதானே, கூலி எதற்கு?" என்றார்.

ஃபால்ஸ் அடிக்கக் கொடுப்பவர்களும் இப்படித்தான். மாலையே வேண்டும் என்பார்கள். வாங்கிப் போக ஒரு மாதம் வரமாட்டார்கள். கேட்டால் "ஒரு தையல்தானே". குறையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நல்லவர்களும் உண்டு.

உங்களுக்குப் பை கடினம் என்றால் தலைமுடிக்குப் போடும் சுருக்கு பேண்டில் தொடங்குங்கள். 4 அங்குல அகலம், 20 அங்குல நீளத் துணி; குழாயாகத் தைத்துப் புரட்டி, உள்ளே 7 அங்குல எலாஸ்டிக் கோத்து முனைகளைச் சேர்த்தால் முடிந்தது. நீளம் போதாவிட்டால் ஒட்டுப்போடலாம், சுருக்கத்தில் தெரியாது. ஜரிகை ஓரத்தை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள், முடியைப் பிடித்து இழுக்கும்.