அடி வாங்குகிறவருக்கு ஒரு பெயர்

வணக்கம் ஐயா,

என் அப்பா காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பண்டிகை நாளென்றால் அவருக்கு பந்தோபஸ்து, வீட்டில் பார்க்கவே முடியாது. இப்போது வரும் படங்களில் போலீஸ் என்றாலே லாக்கப்பில் அடிக்கிறவர்கள்தான். அவர்களும் மனிதர்கள் என்று காட்ட ஏன் யாருக்கும் மனமில்லை?

ஒரு காவலரின் மகள்

அன்புள்ள வாசகிக்கு,

மனமில்லாமல் இல்லை. 'டாணாக்காரன்' படம் முழுக்கவே பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் படும் பாடுதான். 'விடுதலை'யில் ஜீப் ஓட்டும் காவலர், கரடி தாக்கிய பெண்ணை அந்த ஜீப்பிலேயே ஏற்றிப் போய்க் காப்பாற்றுகிறார், அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றதால் மேலதிகாரியிடம் தண்டனை வாங்குகிறார். அவர்மேல் நமக்கு வரும் பரிவு யாருக்கும் விழுந்த அடியை நியாயப்படுத்துவதில்லை.

எனக்கு உறுத்துவது இன்னொரு வகை. முதலில் ஒரு கொடூரமான குற்றத்தை நம் கண்ணெதிரே காட்டிவிடுவார்கள், அடுத்து அதிகாரியின் மனைவி, குழந்தை, தூக்கமில்லாத ராத்திரி, அப்புறம் லாக்கப். நாம் கைதட்டுகிறோம். ஆனால் இவன்தான் செய்தான் என்று நமக்குச் சொன்னது டைரக்டர். நிஜ ஸ்டேஷனில் அந்த முதல் காட்சியை யாரும் பார்த்திருப்பதில்லை. இருப்பது சந்தேகமும், கேஸை சீக்கிரம் முடி என்று மேலிருந்து வரும் நெருக்கடியும்தான். குண்டூருக்குப் பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளிகள் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிபடுவதை 'விசாரணை'யில் பார்த்திருப்பீர்கள், அது மு. சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து வந்தது. போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க முடியாது என்று 1872ஆம் வருட சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது, 2024இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. அடித்தால் எதையும் ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்த விஷயம்.

வேலைப்பளுவில் எரிச்சல் வரும், சரி. அந்த எரிச்சல் லீவு கொடுக்காத அதிகாரிமேல் இறங்குவதில்லையே, கேட்க நாதியில்லாதவன் மேல்தானே இறங்குகிறது? அடிக்கிறவருக்கு ஒரு குடும்பத்தையே கொடுக்கிற படம், அடி வாங்குகிறவருக்கு ஒரு பெயராவது கொடுக்கிறதா என்று அடுத்தமுறை கவனித்துப் பாருங்கள்.

2020இல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட அப்பாவும் மகனும் செத்தபோது, போலீசைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரி வெளிப்படையாகவே அறிக்கை விட்டார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே ஸ்டேஷனில் அவர்களை அடித்த இரவில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சொல்லிவிட்டு, அதில் கையெழுத்துப் போடப் பயந்தார், பிறகு போட்டார். கூட வேலை பார்க்கிறவர்கள் வெளியே நின்றுகொண்டிருக்கும்போது. போலீஸும் மனிதர்தான் என்று காட்ட ஆசைப்படும் டைரக்டர் அந்தக் கையெழுத்தை மட்டும் இரண்டு மணி நேரப் படமாக எடுக்கட்டும், முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.