கான்கூனிலிருந்து சிச்சென் இட்சாவும் செனோட்டேயும் ஒரே நாளில்: சுற்றுலா பஸ்ஸில் போகலாமா, நாமே போகலாமா?

கேட்டவர் அமெரிக்காவில் வசிப்பவர். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை மெக்சிகோவின் கான்கூனுக்கு அழைத்துப் போகிறார். சிச்சென் இட்சா என்னும் பழைய மாயன் நகரத்தின் இடிபாடுகளையும், செனோட்டே என்று சொல்லப்படும் இயற்கைக் குளிகிணறுகளையும் ஒரே நாளில் காட்டி மாலையில் ஹோட்டலில் கொண்டுவந்து விடும் சுற்றுலாக்கள் அங்கே ஏராளம். அதில் சேர்வதா, கார் எடுத்துக்கொண்டு நாமே போவதா என்பது கேள்வி.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வழிகாட்டி அவசியம் வேண்டும், ஐம்பது பேர் ஏறும் பஸ் வேண்டாம். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித்தான் விற்பார்கள். பிரித்து வாங்க முடியும்.

பஸ் ஏன் வேண்டாம்? கான்கூனுக்கும் சிச்சென் இட்சாவுக்கும் சுமார் 200 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரப் பயணம். கான்கூன் இருப்பது கின்டானா ரோ மாநிலத்தில். சிச்சென் இட்சா இருப்பது யுகடான் மாநிலத்தில், அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. காலை ஆறு மணிக்குக் காரில் கிளம்பினால் அவர்கள் நேரப்படி ஏழரைக்கு வாசலில் நிற்கலாம். எட்டு மணிக்குக் கதவு திறக்கிறது. இந்த இலவச ஒரு மணி நேரத்தைப் பஸ் அப்படியே தின்றுவிடும். ஹோட்டல் ஹோட்டலாக நின்று ஆள் ஏற்றி, ஒரு பொது இடத்தில் எல்லோரையும் இறக்கி வேறு பஸ்ஸுக்கு மாற்றி, கையில் வளையம் கட்டி, பிறகுதான் நெடுஞ்சாலை. இடையில் “கைவினைக் கூட்டுறவு” என்ற பெயரில் ஒரு கடை. நாங்கள் முதல் தடவை போன சுற்றுலாவில் அந்தக் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். பிரமிடுக்கு முன்னால் போய் நின்றபோது உச்சிவெயில். வழிகாட்டி பேசியது போக, சொந்தமாகச் சுற்ற அரை மணி நேரம் மிஞ்சியது. விளம்பரத்தில் இருந்த விலைக்கு மேல் நுழைவு வரி என்று பஸ்ஸிலேயே தனியாகப் பணமும் வசூலித்தார்கள்.

அதனால் அப்பா அம்மாவைக் கூட்டிப் போனபோது முந்தின இரவே வாயாதோலித் ஊரில் தங்கினோம். சிச்சென் இட்சாவிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். சின்ன, அழகான, ஸ்பானியர் காலத்து ஊர். நடு ஊரிலேயே சாசி என்றொரு செனோட்டே இருக்கிறது. கான்கூனில் ஹோட்டலுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தாலும் ஓர் இரவை இங்கே செலவழிப்பதில் நஷ்டமில்லை என்பேன். காரோட்ட விருப்பமில்லாதவர்கள் ஏ.டி.ஓ. என்ற நிறுவனத்தின் பஸ்ஸில் இந்த ஊர் வரை வந்து, இங்கிருந்து கொலெக்டிவோ என்னும் பகிர்வு வேனில் போய்விடலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய மாயா ரயிலுக்கும் சிச்சென் இட்சாவில் நிலையம் உண்டு.

நுழைவுச்சீட்டு ஒன்றல்ல, இரண்டு: ஒன்று மாநில அரசுக்கு, ஒன்று மத்தியத் தொல்லியல் துறைக்கு. கையில் மெக்சிகோ பெசோவாகப் பணம் வைத்திருங்கள். உள்ளே போகுமுன் வாசலில் அரசு அட்டை மாட்டிய வழிகாட்டிகள் நிற்பார்கள். மொழி என்ன, எத்தனை மணி நேரம், தொகை தலைக்கா மொத்தமாகவா என்ற மூன்றையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் கணக்குப் பார்த்தால் பஸ் சுற்றுலாவைவிடப் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது.

வழிகாட்டி இல்லாமல் அங்கே போனால் ஒரு பெரிய பிரமிடும் நிறையக் கல்லும் தெரியும், அவ்வளவுதான். 2006ஆம் ஆண்டுக்குப் பிறகு படியேற விடுவதில்லை. சுற்றி நடக்கத்தான் முடியும். குகுல்கான் என்னும் பாம்புக் கடவுளின் பிரமிடில் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, மொத்தம் 364, மேலே மேடை ஒன்று. ஆண்டின் 365 நாள் என்று எல்லா வழிகாட்டியும் சொல்வார். படிக்கட்டுக்கு நேர் எதிரே நின்று கை தட்டச் சொல்வார். தட்டினால் எதிரொலி கைதட்டலாக வராது. ஏதோ பறவை கீச்சிட்டது போல நீண்டு திரும்பும். ஒவ்வொரு படியிலும் பட்ட ஒலி ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புவதால் அப்படி. கெட்சால் என்னும் புனிதப் பறவையின் குரல் அது என்று அவர்கள் சொல்கிறார்கள். கட்டியவர்கள் திட்டமிட்டுச் செய்தார்களா என்பது வேறு வழக்கு. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து தட்டும்போது பந்து விளையாட்டு மைதானம் வரைக்கும் கேட்கிறது.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி வீட்டில் மாயா மொழி பேசுகிறவர். மாயா மக்கள் மர்மமாக மறைந்துபோனார்கள் என்ற கதையைச் சொல்லி அவரிடம் ஒரு வெள்ளைக்காரர் வாங்கிக் கட்டிக்கொண்டார். “என் அம்மா இப்போது வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள், மறைந்து போகவில்லை” என்றார் வழிகாட்டி. அம்மொழியை இன்றும் பல லட்சம் பேர் பேசுகிறார்கள்.

ஆனால் அன்றைக்கு நல்ல கேள்வி கேட்டது அப்பாதான். பொள்ளாச்சிப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் வளர்ந்தவர். காலண்டர், வானியல், பாம்புக் கடவுள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “இத்தனை சனம் குடியிருந்த ஊருக்குத் தண்ணீர் எங்கே? வழியில் ஒரு ஆறுகூடக் காணோமே?” என்றார். நான் மொழிபெயர்த்ததும் வழிகாட்டியின் முகமே மாறிவிட்டது. மனப்பாடப் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, காலடியில் கிடந்த ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். வெள்ளைச் சுண்ணாம்புக் கல், உள்ளே முழுக்கப் பொத்தல்.

வட யுகடானில் தரைக்கு மேல் ஆறு கிடையாது. பெய்கிற மழை அத்தனையும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடுகிறது. மழைநீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு பாறையை மெல்ல மெல்ல அரித்துக் குகைகளாக்குகிறது. நிலத்தடியில்தான் ஆறுகள் ஓடுகின்றன. ஏதோ ஓரிடத்தில் குகையின் கூரை இடிந்து விழுந்தால் அதுதான் செனோட்டே. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இந்தக் குகைகள் உலர்ந்து கிடந்தன; தண்ணீருக்கடியில் இன்று தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள் அப்போது உருவானவை. கின்டானா ரோ கடற்கரையிலுள்ள டுலும் பக்கம் சாக் ஆக்துன் என்ற குகைத் தொடர் பக்கத்துத் தொடரோடு இணைந்திருப்பதை 2018இல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். அப்போது அளந்த நீளம் 347 கிலோமீட்டர்.

இங்கே ஒரு திருத்தம். எல்லாச் செனோட்டேயையும் டைனோசர்களை அழித்த விண்கல்தான் தோண்டியது என்று பஸ் வழிகாட்டிகள் அளப்பார்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் யுகடான் கரையோரச் சிக்சுலுப்பில் விழுந்த அந்தக் கல்லின் பள்ளத்து விளிம்பை ஒட்டி ஒரு வளையமாகச் செனோட்டேக்கள் அமைந்திருப்பது உண்மை. சிச்சென் இட்சா அந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறது. இங்கே வேலை செய்தது மழைத்தண்ணீர்தான்.

ஆக, கோயில் இங்கே வந்ததே தண்ணீர் இங்கே இருந்ததால். ஊருக்குள்ளேயே இரண்டு பெரிய செனோட்டே. ஒன்றிலிருந்து குடிக்கத் தண்ணீர் எடுத்தார்கள். மற்றது காணிக்கைக்கு. பிரமிடிலிருந்து ஒரு வெள்ளைப் பாதை நேரே அந்தக் காணிக்கைக் கிணற்றுக்குப் போகிறது. குறுக்களவு சுமார் 60 மீட்டர், செங்குத்தான சுவர், பாசிப் பச்சைத் தண்ணீர். இறங்கவோ குளிக்கவோ அனுமதியில்லை. அமெரிக்கத் தூதரக அதிகாரியான எட்வர்ட் தாம்சன் 1904 முதல் இதைத் தூர்வாரி, தங்கம், பச்சைக்கல், கோபால் என்னும் தூபப் பிசின், எலும்பு என்று கிடைத்ததையெல்லாம் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். ஒரு பகுதிதான் பிற்பாடு மெக்சிகோவுக்குத் திரும்பியது. 2015இல் நிலத்தில் மின்சாரம் செலுத்தி அதன் மின்தடையை அளந்த ஆய்வாளர்கள் பிரமிடுக்கு அடியிலேயே ஒரு செனோட்டே இருப்பதாக அறிவித்தார்கள். அப்பா இதைக் கேட்டுவிட்டு, “பாறை தாங்குமா?” என்று கவலைப்பட்டார்.

கன்னிப் பெண்களைத் தூக்கிப் போட்டார்கள் என்ற கதையையும் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கிணற்றில் கிடைத்த எலும்புகளில் ஆண், பெண், குழந்தை எல்லாம் உண்டு. அதே காணிக்கைக் கிணற்றுக்குப் பக்கத்தில் 1967இல் கிடைத்த ஒரு நிலத்தடித் தொட்டியிலிருந்த 64 உடல்களின் மரபணுவைச் சோதித்து 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள்: அத்தனையும் ஆண் பிள்ளைகள், அதில் இரண்டு ஜோடி இரட்டையர். வழிகாட்டி திறமைசாலியா என்று சோதிக்க விரும்பினால் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

பத்தரை மணிக்குள் இடிபாடுகளை முடித்துவிடுங்கள். அதற்குள் வெயிலும் ஏறிவிடும், பஸ்களும் வந்து சேரும், பாதையெங்கும் கடை விரிந்துவிடும். ஜாகுவார் என்னும் அமெரிக்கச் சிறுத்தை உறுமுவது போல ஊதும் மண் விசில் ஒன்று விற்கிறார்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் ஊதிக் காட்டுவார்கள். வாங்குவதானால் முதல் விலையில் பாதியிலிருந்து பேச ஆரம்பிக்கலாம்.

பிறகு குளியல். மிக அருகில் இருப்பது இக் கில், மூன்று கிலோமீட்டர்தான். வட்டமான பெரிய குழி, தண்ணீர் தரைமட்டத்திலிருந்து சுமார் 26 மீட்டர் கீழே. பாறையில் வெட்டிய படிகளில் இறங்க வேண்டும். மேலே விளிம்பில் நிற்கும் அத்தி இன மரங்களின் வேர்கள் கயிறு கயிறாகத் தண்ணீர் வரை தொங்குகின்றன. படத்தில் பார்த்து எல்லோரும் வருவது இங்கேதான். பஸ்களும் நண்பகலில் இங்கேதான் கொட்டும். பதினோரு மணிக்கு முன்னால் போக முடிந்தால் போங்கள். இல்லையென்றால் வாயாதோலித் அருகே திட்ஸ்நூப்பில் அடுத்தடுத்து இருக்கும் சமுலா, எக்ஷ்கெகென் இரண்டில் ஒன்றுக்குப் போங்கள். இவை மூடிய குகைகள். கூரையில் ஒரு சின்னத் துளை வழியே மட்டும் வெளிச்சம் விழும்.

தண்ணீரில் இறங்குமுன் கட்டாயம் ஷவரில் குளிக்கச் சொல்வார்கள். சன்ஸ்கிரீனும் கொசு மருந்தும் தண்ணீரில் கலக்கக் கூடாது. இந்தத் தண்ணீர்தான் சுற்றுவட்டார மக்களுக்குக் குடிநீரும். ஆகவே அன்று சன்ஸ்கிரீனை விட்டுவிட்டு, முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுப் போவதே நல்லது. லைஃப் ஜாக்கெட் அங்கேயே கிடைக்கும். இக் கில்லில் ஆழம் நாற்பது மீட்டருக்கு மேல் என்பதால் நீச்சல் தெரிந்தவர்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. லெக்கிங்ஸும் டி-ஷர்ட்டுமாக, ஜாக்கெட்டின் வாரை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஏணியின் கடைசிப் படியைப் பிடித்தபடியே வெகுநேரம் நின்றார். தண்ணீர் 25 டிகிரி அளவில்தான் இருக்கும். வெயிலிலிருந்து வந்தால் பல் கிட்டிக்கும். காலடியில் கறுப்பான சின்னக் கெளுத்தி மீன்கள் ஓடியதைப் பார்த்துப் பதறிக் கையை விட்டுவிட்டார். விட்டதும் மிதந்தார். அப்புறம் கூப்பிட்டாலும் மேலே வரவில்லை. கிணற்றில் குதித்தே வளர்ந்த அப்பாவோ, குதிக்கக் கூடாது என்ற பலகையைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இனிச் சாப்பாடு. சைவர்களுக்கு பஃபே உணவகங்களில் சோறு, கறுப்பு பீன்ஸ், டோர்டியா என்னும் சோள ரொட்டி உண்டு. பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது அங்கே வழக்கம். “சின் மாந்தேகா” என்று சொல்லிக் கேளுங்கள், கொழுப்பு இல்லாததைக் காட்டுவார்கள். பூசணி விதையையும் தக்காளியையும் அரைத்த சிக்கில் பாக் என்ற துவையல் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். ஹபனேரோ மிளகாய்ச் சாறு வைத்திருக்கும் கிண்ணத்தைக் காரத்துக்குப் பழகிய திமிரில் அணுக வேண்டாம்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெற்றோரிடம் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். ஏப்ரல், மே மாதங்களில் வயதானவர்களை அந்தத் திறந்தவெளியில் நடக்க வைக்காதீர்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் என்றால் என் பரிந்துரை வேறு. சிச்சென் இட்சாவை விட்டுவிட்டு, கடலோரப் பாறைமேல் மதில் சூழ்ந்து நிற்கும் டுலும் இடிபாடுகளைக் காலையில் பாருங்கள். சின்ன இடம், ஒன்றரை மணி நேரம் போதும். பிறகு பிளாயா தெல் கார்மென் போகும் சாலையில் உள்ள செனோட்டே அசூலுக்குப் போங்கள். அது திறந்த குளம். கீழே இறங்கப் பெரிய படிக்கட்டு கிடையாது, ஓரத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்தே குளிக்கலாம். கான்கூனில் இருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம், கடிகாரத்தையும் மாற்ற வேண்டியதில்லை.