சிமெண்ட் கோட்டை போலியா?

கேள்வி: மகனைப் பார்க்க ஜப்பான் போனபோது ஒசாகா கோட்டைக்கும் போனேன். 400 வருடக் கோட்டை என்று ஆசையாக உள்ளே நுழைந்தால் சிமெண்ட் சுவர், கண்ணாடிப் பெட்டி, லிஃப்ட்! இந்தப் போலிக்கு டிக்கெட் வேறு. இது ஏமாற்று வேலை இல்லையா?
- வாசகர், திருப்பூர்

பதில்: லிஃப்டில் ஏறினீர்களா, படியிலா? அதை மட்டும் எழுதவில்லையே!

சரி, கணக்குப் பார்ப்போம். நீங்கள் பார்த்தது அந்தக் கோட்டையின் மூன்றாவது கோபுரம். முதலாவது, அன்றைய ஜப்பானின் பெரும் படைத்தலைவர் தோயோதோமி ஹிதேயோஷி 1585-ல் எழுப்பியது. 1615-ல் எதிரி வம்சமான தொகுகாவா படையின் முற்றுகையில் எரிந்தது. ஆயுள் 30 வருடம். ஜெயித்தவர்கள் பழைய கோட்டையை மண்ணைக் கொட்டி மூடி, அதற்கு மேலேயே தங்கள் கோட்டையைக் கட்டினார்கள். 1626-ல் எழுந்த அவர்களுடைய கோபுரம் 1665-ல் இடி விழுந்து சாம்பலானது. அது 39 வருடம். அப்புறம் 266 வருடம் கோபுரமே கிடையாது. 1931-ல் வந்த உங்கள் 'போலி' தொண்ணூறு தாண்டி நிற்கிறது. அசல் இரண்டின் வயதையும் கூட்டினாலும் எழுபது தேறாது.

அதுவும் அரசாங்கப் பணத்தில் கட்டியதில்லை. ஒசாகா மக்கள் நன்கொடையாகப் போட்ட பணம், 15 லட்சம் யென். ஆனால் கோபுரத்துக்குப் போனது 4 லட்சத்து 70 ஆயிரம்தான். கோட்டை வளாகம் அப்போது ராணுவத்தின் கையில் இருந்தது. இடம் வேண்டுமானால் எங்களுக்கு ஒரு தலைமையகம் கட்டிக் கொடுங்கள் என்றார்கள். அதற்கு 8 லட்சம். கோவிலுக்கு வசூலித்து தர்மகர்த்தாவுக்கு மாடி வீடு கட்டிய கதைதான். அந்தத் தலைமையகம் இன்றும் பக்கத்திலேயே நிற்கிறது. பார்த்தீர்களா?

கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருந்தால் இன்னொரு வேடிக்கையும் தெரிந்திருக்கும். உச்சி மாடி கறுப்பும் தங்கமுமாக ஹிதேயோஷி பாணி. அதன் கீழ் மாடிகள் வெள்ளைச் சுவரோடு தொகுகாவா பாணி. ஜென்மப் பகையாளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வைத்துவிட்டது சிமெண்ட்!

400 வருடம்தான் வேண்டும் என்றால் நீங்கள் குனிந்திருக்க வேண்டும். மதில் கற்கள் 1620-களில் தொகுகாவா உத்தரவுப்படி நாடெங்கும் இருந்த பிரபுக்கள் ஆளுக்கொரு பகுதியாக அடுக்கியவை. உன் கல், என் கல் என்று தகராறு வரக்கூடாதென்று வட்டம், அம்பு என ஆளுக்கொரு அடையாளம் செதுக்கினார்கள். இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். சகுரா வாசலைத் தாண்டியதும் எதிரே ஒரே கல், முகம் மட்டும் சுமார் 59 சதுர மீட்டர். எடை நூறு டன்னுக்கு மேல் என்று மதிப்பு. கடல் வழியே கொண்டுவந்தார்களாம். அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள், கல்லைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மரக் கோபுரம்தான் வேண்டுமா? ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், ஹிமேஜி கோட்டை. 1609-ல் முடிந்த கோபுரம். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஏணி மாதிரி செங்குத்தான படிகளில் ஆறு மாடி ஏற வேண்டும். அடியிலிருந்து மேலே வரை ஓடும் இரண்டு பெரிய தூண்களில் கிழக்குத் தூணைத் தொடுங்கள். மேற்குத் தூண் 1956-64 பராமரிப்பில் மாற்றியது. அதைத் தொட்டுவிட்டு 'போலி' என்று மறுபடி எனக்கு எழுதாதீர்கள்.

லிஃப்ட் கிடையாது. முழங்கால் எப்படி?