எக்ஸ்எல் இறுக்குகிறது, டபுள் எக்ஸ்எல் தொங்குகிறது: குர்தி எடுக்கும்போது எதை அளக்க வேண்டும்?

வாசகி கேள்வி: எனக்கு 47 வயது. கும்பகோணத்தில் அலுவலக வேலை. தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறேன். காட்டன் குர்தியில் எக்ஸ்எல் எடுத்தால் அக்குளில் பிடிக்கிறது. டபுள் எக்ஸ்எல் எடுத்தால் தோள் இறங்கித் தொங்குகிறது. முழங்காலை மறைத்த குர்தி இரண்டு தடவை துவைத்ததும் மேலே ஏறிவிடுகிறது. கல்லூரிக்குப் போகும் 19 வயது மகளுக்கும், தோள் வலியால் சேலை கட்ட முடியாமல் இப்போதுதான் குர்திக்கு வரும் 71 வயது மாமியாருக்கும் நான்தான் துணி எடுக்கிறேன். கடையில் எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். உங்கள் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. ரெடிமேடில் சைஸ் என்பது மார்புச் சுற்றளவை வைத்து மட்டும் போடுகிற எண். பெரும்பாலான கடைகளில் எக்ஸ்எல் என்றால் 42, டபுள் எக்ஸ்எல் என்றால் 44. ஒரு சைஸ் ஏறும்போது மார்போடு தோளையும் சேர்த்தே அகலமாக வெட்டுகிறார்கள். நமக்கோ வயது ஏற ஏற மார்பிலும் மேல்கையிலும் சதை போடுகிறது, தோள் எலும்பு அப்படியேதான் இருக்கிறது. அதனால் மார்பு 44 சைஸ் கேட்கும், தோள் 42 சைஸிலேயே நிற்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. சிலர் 42 என்று போடுவது தைத்த துணியின் சுற்றளவு, சிலர் போடுவது அணிகிறவரின் மார்பளவு. ஒரே எண்ணுள்ள இரண்டு குர்திகள் இரண்டு மூன்று அங்குலம் வித்தியாசப்படுவது இதனால்தான்.

ஆகவே எண்ணை விட்டுவிடுங்கள். டெய்லரிடம் அளவு பிளவுஸ் கொடுப்பதுபோல, உங்களுக்கென்று ஓர் அளவு குர்தி வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்துகிற, குறைந்தது மூன்று தடவையாவது துவைத்த குர்தியாக இருக்கட்டும். அதைக் கட்டிலில் சுருக்கமில்லாமல் பரப்பி, இழுக்காமல் அளந்து, போனில் குறித்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் ஒரு கைத் தையலிலிருந்து மறு கைத் தையல் வரை தோள். அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே குறுக்காக மார்பு, அதை இரண்டால் பெருக்குங்கள். தோள் நுனியிலிருந்து அக்குள் தையல் வரை நேர்க்கோட்டில் ஆம்ஹோல், அதாவது உடம்புத் துணியில் கை பொருத்தும் வளைவு. மேல்கையின் அகலம். தோளிலிருந்து ஸ்லிட் ஆரம்பிக்கும் இடம் வரை. கழுத்தோரத் தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை மொத்த உயரம். டெய்லரிங் டேப் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டால், போட்டுப் பார்க்க அறை இல்லாத கடையிலும் இரண்டு நிமிடத்தில் முடிவெடுத்துவிடலாம்.

அளவு குர்தியே கைவசம் இல்லையென்றால் உடம்பை அளந்து கணக்குப் போடுங்கள். இழுவை இல்லாத காட்டனுக்கு மார்பளவோடு 3 முதல் 4 அங்குலம், இடுப்பின் அகன்ற இடத்தில் 3 அங்குலம், மேல்கையில் 2 அங்குலம் கூட வேண்டும். இடுப்பளவை உட்கார்ந்துகொண்டு எடுங்கள். நின்று எடுத்த அளவில் தைத்தால், எட்டு மணி நேரம் நாற்காலியில் இருக்கிறவருக்கு ஸ்லிட் முனை கிழியும்.

இனி உங்களுக்குப் பிடிக்கிற இடம், ஆம்ஹோல். இதைத்தான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அக்குளில் இறுக்கம் என்றதும் ஆம்ஹோல் இறக்கமாக உள்ளதைத் தேடுவோம். குர்தியைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல ஒரு கையைத் தூக்கிப் பாருங்கள். அந்தப் பக்கத்து விளிம்பு முழுதும் கையோடு சேர்ந்து மேலே ஏறினால், ஆம்ஹோல் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கையும் உடம்புத் துணியும் விலாவில் சேர்வதால், கை மேலே போகும்போது பக்கத் தையலையே பிடித்து இழுக்கிறது. பெரிய சைஸ் எடுக்க எடுக்க இது கூடுமே தவிரக் குறையாது. மாறாக, கை கீழே தொங்கும்போதே அக்குளின் முன்மடிப்பில் வெட்டுவதுபோல இருந்தால் ஆம்ஹோல் சிறிது. அக்குளுக்கும் தையலுக்கும் நடுவே முக்கால் முதல் ஓர் அங்குலம் இடைவெளி இருப்பது சரியான அளவு.

சிறிய ஆம்ஹோலை டெய்லர் அரை அங்குலம் குடைந்து சரிசெய்துவிடுவார். இறங்கிப்போன ஆம்ஹோலுக்கு வழி குறைவு, துணி ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது. பழைய ஜிப்பாக்களில் அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்திருப்பார்களே, அதுபோல மூன்று அங்குலச் சதுரம் ஒன்றைக் கோணலாக வைத்துத் தைக்கலாம். ஆனால் அதே துணி கிடைக்க வேண்டும். ரெடிமேடில் இந்தச் சிக்கலைக் கண்டால் கடையிலேயே திருப்பி வைத்துவிடுவது நல்லது.

ஆக எக்ஸ்எல்லா, டபுள் எக்ஸ்எல்லா? குர்தியை உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். தையலுக்கு வெளியே முக்கால் அங்குலமாவது துணி விட்டிருந்தால் தோளுக்குப் பொருந்துகிற எக்ஸ்எல்லையே எடுங்கள். இரண்டு பக்கமும் அரை அங்குலம் பிரித்தால் முன்னும் பின்னுமாக நான்கு அரை அங்குலம், மொத்தம் 2 அங்குலம் சுற்றளவு கிடைக்கும். டெய்லரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: பக்கத் தையலை அக்குள் வரை மட்டும் பிரித்தால் பிடிப்பு போகாது, கையின் அடித்தையலையும் சேர்த்துப் பிரித்து ஒரே ஓட்டமாகத் தைக்க வேண்டும். பழைய தையலின் ஊசித் துளைகள் பிளெயின் துணியில் கோடாகத் தெரியும். நெருக்கமான பிரிண்ட்டில் தெரியாது.

ஓரத்தை வெட்டிப் பின்னுகிற ஓவர்லாக் தையல் ஓட்டி, அரை அங்குலம்கூட விடாத குர்தியில் பிரிக்க எதுவும் இல்லை. அதற்கு டபுள் எக்ஸ்எல் எடுத்து, கையைக் கழற்றித் தோளைக் குறைத்து மறுபடி கை வைக்க வேண்டும். கைதேர்ந்த டெய்லர் செய்ய வேண்டிய வேலை அது, கூலியும் கூடும்.

மார்பிலிருந்து அக்குளுக்குச் சாய்வாகச் சுருக்கம் ஓடினால் சைஸ் ஏற்றாதீர்கள். அங்கே வேண்டியது டார்ட் (மார்பு வளைவுக்காகத் துணியை முக்கோணமாக மடித்துத் தைப்பது) அல்லது பிரின்சஸ் கட் (அதே வளைவுக்காக மேலிருந்து கீழாக ஓடும் நீளத் தையல்). இடுப்பில் படுக்கையாகக் கோடு விழுந்தால்தான் அளவு போதவில்லை.

துவைத்ததும் ஏறிப்போவதற்குக் காரணம் தறியில் இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். பிறகு சாயம், கஞ்சி, சலவை எல்லாம் துணியை இழுத்துப்பிடித்தபடியே நடக்கிறது. தண்ணீர் பட்டதும் நூல் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதனால் அகலத்தைவிட நீளத்தில்தான் சுருக்கம் அதிகம். 5 சதவீதம் சுருங்கினாலே 44 அங்குலக் குர்தி 2 அங்குலத்துக்கு மேல் இழந்துவிடும். ரெடிமேட் காட்டனில் வேண்டிய உயரத்தைவிட 2 அங்குலம் கூட எடுங்கள், முதல் மூன்று சலவைக்கு வெந்நீர் வேண்டாம்.

துணி எடுத்துத் தைப்பதானால் 44 அங்குல அகலத்தில் முக்கால் கை வைக்க இரண்டரை மீட்டர் போதும். அதை மடித்தபடியே இரவு முழுதும் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டு, அப்புறம் டெய்லரிடம் கொடுங்கள். லைனிங் துணியையும் ஊறவைக்க மறக்காதீர்கள். மேல்துணி மட்டும் ஊறி, லைனிங் ஊறாமல் தைத்தால், முதல் சலவையிலேயே உள்ளே லைனிங் சுருங்கி வெளியே துணி பொம்மென்று உப்பிக்கொண்டு நிற்கும். பாலியஸ்டர் லைனிங் சுருங்காது என்று சிலர் பரிந்துரைப்பார்கள். மேலே காட்டன் போட்டுக்கொண்டு உடம்பில் படுவது பாலியஸ்டராக இருந்தால், இந்த வெயிலில் காட்டன் போட்டதற்கே பொருளில்லை.

ரேயான் வேறு ரகம். தொட்டால் காட்டன்போலக் குளிர்ச்சி, நன்றாகத் துவளும். ஆனால் நனைந்தால் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். ஈரத்தோடு தோளில் ஹேங்கர் மாட்டிக் காயப்போட்டால் தன் கனத்தில் தானே இழுபட்டுக் கோணிப்போகும். கொடியில் நடுவில் மடித்துப் போடுங்கள்.

காட்டன் என்று சொல்லிக் கலப்புத் துணி விற்பதைக் கண்டுபிடிக்க நூலைக் கொளுத்திப் பார்க்கும் வழி எல்லோருக்கும் தெரியும். காட்டன் காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். இதில் நடக்கிற தவறு, தொங்கிக்கொண்டிருக்கும் தையல் நூலைப் பிடுங்கி எரிப்பது. சுத்தமான காட்டன் குர்தியைக்கூடப் பாலியஸ்டர் நூலால் தைத்திருப்பார்கள். உள்தையல் ஓரத்தில் துணியிலிருந்தே ஓர் இழையை உருவி எரித்துப் பாருங்கள்.

சாயத்துக்கு, வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்துத் துணியின் உள்பக்கத்தில் பத்துத் தடவை தேயுங்கள். லேசாக ஒட்டினால் முதல் சில சலவைகளைத் தனியாகப் போட்டால் போதும். கைக்குட்டையே நிறம் மாறினால் வேண்டாம், வேர்வையில் உள்ளாடைக்கும் இறங்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. சாயத் தொட்டியில் உப்புப் போடுவது சாயம் நூலில் ஏறுவதற்காக. ஏறி முடிந்த துணியில் ஒட்டாமல் நிற்கிற சாயத்தை உப்பு பிடித்துவைக்காது.

வேர்வைத் திட்டு அதிகம் காட்டுவது இளநீலம், சாம்பல் போன்ற நடுத்தர பிளெயின் நிறங்கள். வெள்ளையிலும் கருநீலத்திலும் சிறு பிரிண்ட்டிலும் அவ்வளவாகத் தெரியாது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீர் திடீரென்று வேர்த்துக் கொட்டுகிறவர்கள் தடித்த காட்டனைவிட மல்மல் போன்ற மெல்லிய நெசவை எடுக்கலாம், சட்டென்று உலரும். வெளிர் நிறத்துக்குள் வெள்ளை உள்ளாடை தெரியும், தோல் நிறத்தில் போட்டால் தெரியாது.

உயரத்தை பேன்ட்டோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். கீழே அகலமான பலாஸோ என்றால் மேலே 36 முதல் 38 அங்குலம். கீழே ஒடுக்கமான ஸ்ட்ரெய்ட் பேன்ட், சுடிதார் என்றால் 42க்கு மேல். விளிம்பு கெண்டைக்காலின் தடித்த இடத்தில் முடிந்தால் கால் குட்டையாகத் தெரியும். முழங்காலுக்குச் சற்றுக் கீழேயோ, கெண்டைக்கால் ஒடுங்குகிற இடத்திலோ முடியட்டும். ஸ்லிட் இடுப்பெலும்புக்கு ஓர் அங்குலம் கீழே தொடங்கினால் பஸ் படி ஏறவும் வசதி, உட்காரும்போது வயிற்றுப் பக்கமும் விலகாது. வாங்கி வந்ததும் ஸ்லிட் முனையில் நான்கு ஓட்டு திரும்பத் திரும்பத் தைத்துவிடுங்கள். கிழிசல் எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மகள் அவள் விருப்பத்துக்கு எடுக்கட்டும். லெகிங்ஸில் மட்டும், இரண்டு கையாலும் முழங்கால் பகுதியை விரித்துப் பிடித்து விரல் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீரிலும் பிளீச்சிலும் போட்டால் அதன் இழுவை போய்விடும்.

மாமியாருக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். தோள் தூக்க முடியாதவருக்குத் தலைவழியாகப் போடுகிற எதுவும் தினசரி வேதனை. முன்பக்கம் முழுதும் திறக்கிற மாதிரி தைக்கச் சொல்லுங்கள். பொடிப் பட்டனை வயதான விரல்கள் பிடிக்காது. முக்கால் அங்குலப் பட்டன் வேண்டும், காஜா சற்றுத் தளர்வாக இருக்கட்டும். டிச் பட்டனை அழுத்தவும் பிரிக்கவும் பலம் வேண்டும் என்பதால் மூட்டு வலி இருந்தால் அது ஆகாது. கை ஒடுக்கமில்லாமல், முழங்கை தாண்டி நிற்கட்டும். முதுகு கூனியிருந்தால் பின்விளிம்பு மேலே ஏறும், வயிறு முன்தள்ளியிருந்தால் முன்விளிம்பு ஏறும். ஏறுகிற பக்கத்தில் ஓர் அங்குலம் நீளம் கூட்டி வெட்டச் சொன்னால் விளிம்பு சமமாக நிற்கும். கணுக்காலைத் தொடும் உயரம் வேண்டாம், படியில் தட்டும். நாடா குனிந்து முடிய வேண்டியது, எலாஸ்டிக் வைத்த பேன்ட்தான் சரி.

அதற்குப் புதுத் துணி தேடவே வேண்டாம். அவர் கட்டிக் கட்டிப் பழகிய காட்டன் சேலை, சுங்குடியோ செட்டிநாட்டுக் காட்டனோ, ஒன்றை எடுங்கள். ஐந்தரை மீட்டரில் இரண்டு குர்தி வரும். சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயம் போய், துணி பூவாக இருக்கும். வெட்டுமுன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: இடுப்பில் செருகும் பகுதியும், ஃபால்ஸ் தைத்த ஓரமும் நைந்திருக்கும். நைந்த இடத்தை அக்குளுக்கும் ஸ்லிட்டுக்கும் வராமல் தள்ளி வெட்டச் சொல்லுங்கள். அவருக்குப் போட்டுவிடும்போது வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும்.