லேப் டைம் ஏன் நின்றுவிடுகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சில மாதங்களாக ட்ராக்கில் பைக் ஓட்டுகிறேன். ஆரம்பத்தில் லேப் டைம் (ட்ராக்கை ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் நேரம்) மளமளவென்று குறைந்தது. இப்போது 2 நிமிடம் 4 விநாடியிலேயே நிற்கிறது. எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) மாற்றலாமா, இல்லை அந்தப் பணத்தில் கோச்சிங் போகலாமா?

பதில்: கோச்சிங் போங்கள், இதில் மறுபேச்சே இல்லை. டயர் தேய்ந்திருந்தால் மட்டும் முதலில் அதை மாற்றுங்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது. எக்ஸாஸ்டில் கிடைக்கும் கொஞ்சம் கூடுதல் பவர் ஸ்ட்ரெய்ட்டில், அதாவது நேர்ப்பாதையில்தான் உதவும். உங்கள் நேரம் கரைவது பெரும்பாலும் வளைவுகளில்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மீட்டர் நீளமுள்ள வளைவை மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் கடக்க 2.4 விநாடி ஆகும், 95-இல் கடந்தால் 2.27. அதோடு முடிவதில்லை, அந்த 5 கி.மீ. கூடுதல் வேகத்தோடு வெளியே வருவதால் அடுத்து வரும் 300 மீட்டர் ஸ்ட்ரெய்ட்டிலும் சுமார் 0.15 விநாடி மிச்சமாகும். ஆக ஒரே வளைவில் கால் விநாடிக்கு மேல். இப்படி எட்டுப் பத்து வளைவுகள் இருந்தால் 2 விநாடி தாராளமாகக் கிடைக்கும். இதற்குக் கூடுதலாக எவ்வளவு சாய வேண்டும்? 90-இல் 45 டிகிரி சாய்கிறீர்கள் என்றால் 95-க்கு 48 டிகிரி போதும். டயரில் பிடி மிச்சமிருக்கும்போதும் அந்த 3 டிகிரியைத் தர மனசுதான் தயங்குகிறது.

அது ஏன் தயங்குகிறது என்பதுதான் கோச்சிங்கின் மொத்த விஷயமும். லேப் டைம் நின்றுபோனவர்களில் நிறையப் பேருக்குப் பார்வை முன்சக்கரத்துக்குச் சில மீட்டர் தள்ளியே நிற்கும். பக்கத்தில் பார்த்தால் தரை பறப்பது போலத் தெரியும், பயத்தில் தேவைக்கு மேல் பிரேக் பிடிப்பார்கள், வளைவுக்குள் போன பிறகு "அடடா, மெதுவாக வந்துவிட்டோம்" என்று பாதியில் ஆக்சிலரேட்டரைத் திருகுவார்கள், வண்டி வெளிப்பக்கம் விரியும், மறுபடி மூடுவார்கள். ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது, நன்றாகத்தான் ஓட்டினோம் என்று நினைத்துக்கொண்டு இறங்குவார். பின்னால் வரும் கோச்சுக்கு ஒரே லேப்பில் தெரிந்துவிடும். வண்டியில் கேமரா வைத்து எடுத்துக் காட்டினால் உங்களுக்கும் தெரியும்.

அதனால் பார்வையில் தொடங்குங்கள். வண்டியைத் திருப்புவதற்கு முன்பே கண் ஏபெக்ஸுக்கு (வளைவின் உள்விளிம்பை வண்டி நெருங்கித் தொடும் இடம்) போயிருக்க வேண்டும், ஏபெக்ஸை எட்டுவதற்கு முன்பே வெளியேறும் இடத்துக்குப் போயிருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும் இடத்துக்கு அசையாத ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்; நிழல் நகரும், கோனை யாராவது தட்டிவிடுவார்கள், இரண்டுமே ஆகாது. ஒரு செஷனுக்கு, அதாவது ஒருமுறை ட்ராக்கில் இறங்கி ஏறும் வரை, ஒரே ஒரு விஷயம், மற்றதெல்லாம் அப்புறம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சரிசெய்யப் போனால் எதிலும் கவனம் நிற்காது. முக்கியமாக, அந்தச் செஷன்களில் லேப் டைமர் மேல் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். புதிதாக ஒன்றைப் பழகும்போது முதலில் நேரம் கூடத்தான் செய்யும், அதைப் பார்த்ததும் பழைய பழக்கத்துக்கே ஓடிவிடுவோம்.

கேள்வி: வளைவுக்குள் போகும்போதும் முன் பிரேக்கை விடாமல் பிடித்திருக்கச் சொல்கிறார் என் கோச். சாய்ந்த நிலையில் பிரேக் பிடித்தால் விழுந்துவிட மாட்டோமா?

பதில்: முரட்டுத்தனமாகப் பிடித்தால் கண்டிப்பாக விழுவீர்கள். ஆனால் அவர் சொல்வது ட்ரெயில் பிரேக்கிங், அதில் பிடிப்பதை விட விடுவதுதான் பெரிய வேலை. நிமிர்ந்திருக்கும்போதே பெரும்பகுதி பிரேக்கை முடித்துவிட்டு, சாய்வு கூடக் கூட லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். டயரின் பிடிக்கு ஓர் எல்லை உண்டு, திரும்புவதற்கும் நிற்பதற்கும் அதிலிருந்துதான் பங்கு போகிறது, ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும். லீவரைப் பட்டென்று விட்டால் அமுங்கியிருந்த ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) துள்ளி எழும், முன் டயர் மேலிருந்த பாரம் போய்விடும், வண்டி நினைத்த கோட்டை விட்டு விலகும். மெதுவாக விட்டால் ஃபோர்க் அமுங்கியே இருக்கும், வண்டி சொன்னபடி திரும்பும்.

1985-இல் 250 சிசி, 500 சிசி என்று பைக் ரேஸின் இரண்டு உலகப் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற ஃப்ரெடி ஸ்பென்சர் இந்த வித்தைக்குப் பேர் போனவர், பின்னாளில் பயிற்சிப் பள்ளியும் நடத்தினார். நீங்கள் அவர் வேகத்துக்குப் போக வேண்டியதில்லை. நிதானமான வேகத்தில், நன்றாகத் தெரிந்த ஒரே வளைவில், ஒரு விரலால் லீவரை விடும் பழக்கத்தை மட்டும் தொடங்குங்கள். டயர் நன்றாகச் சூடேறிய பிறகு, மழை இல்லாதபோது.

கேள்வி: முழங்கால் தரையில் உரசினால்தான் வேகம் வருமா?

பதில்: இல்லை. அமெரிக்க பைக் ரேஸ் வீரர் கென்னி ராபர்ட்ஸ் 1978 முதல் 1980 வரை மூன்று முறை 500 சிசி உலக சாம்பியன் ஆன காலத்தில்தான் முழங்கால் தரையில் உரசும் படங்கள் உலகம் முழுக்கப் பரவின, அதிலிருந்து எல்லோருக்கும் அது ஓர் ஆசை. உடம்பை உள்பக்கம் இறக்குவது அதே வேகத்துக்கு வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும் என்பதற்காக. முழங்கால் தரையைத் தொடுவது சாய்வுக்கு ஓர் அளவுகோல், அவ்வளவுதான். தொட வேண்டும் என்று இடுப்பை வெளியே தள்ளி ஹேண்டில்பாரில் தொங்கினால் கை இறுகும், ஸ்டீயரிங் கெட்டியாகும், முன் டயர் சொல்வது எதுவும் உங்களுக்குக் கேட்காது. வெளிப்பக்க முழங்காலை டேங்கில் பூட்டி, முழங்கையை லேசாக மடக்கி வையுங்கள்.

கேள்வி: நல்ல கோச்சை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அவர் ஜெயித்த கோப்பைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேகமாக ஓட்டுபவருக்குத் தான் செய்வதைச் சொல்லத் தெரியும் என்று உத்தரவாதம் இல்லை. முதல் செஷன் முடிந்து வந்ததும் என்ன செய்கிறார் என்று பாருங்கள். "அந்த வளைவில் எங்கே பார்த்தீர்கள், எந்த இடத்தில் பிரேக்கை விட்டீர்கள்?" என்று உங்களைக் கேட்டு, பதிலை முழுசாகக் கேட்டு, அடுத்த செஷனுக்கு ஒரே ஒரு வேலை கொடுப்பவர் என்றால் அவரிடமே இருங்கள். "இன்னும் தைரியமாகப் போங்க" என்று மட்டும் சொல்பவரிடம் அடுத்த முறை போக வேண்டாம்.