ஆறு மாதக் குழந்தை கையால் எடுத்துச் சாப்பிடலாமா? தொண்டையில் சிக்கிவிடாதா?

பயம் நியாயமானதுதான். ஆனால் குமட்டல் வேறு, மூச்சடைப்பு வேறு. துண்டு கொஞ்சம் பின்னால் போனதும் குழந்தை ஓங்கரிக்கும், இருமும், முகம் சிவக்கும். அது தன்னைக் காத்துக்கொள்ளும் அனிச்சைச் செயல். பதறி வாய்க்குள் விரலை விடாதீர்கள். சத்தமே வராவிட்டாலோ, மூச்சு விட முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோதான் ஆபத்து. குழந்தைக்கு இப்படி உணவு கொடுக்கத் தொடங்கும் முன்பே அதற்கான முதலுதவியைக் கற்றுக்கொள்ளுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஆறு மாதம் ஆனால் மட்டும் போதாது. தலை நிற்க வேண்டும், சிறு ஆதரவோடு உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளக் கூடாது.

இந்த வயதில் உள்ளங்கையால்தான் பிடிப்பார்கள். அதனால் பெரியவர் விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். இரு விரலுக்கிடையே நசுங்கும் அளவு வெந்த கேரட், பழுத்த வாழைப்பழம் நல்ல தொடக்கம். இரும்புச்சத்துக்கு முட்டை, பருப்பு, இறைச்சி. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்து எடுக்கத் தொடங்கியதும் (பெரும்பாலும் 8 முதல் 10 மாதத்தில்) சிறு துண்டுகள் போதும்.

முழு திராட்சை, முழுக் கொட்டைகள், பச்சைக் கேரட் வேண்டாம். ஒரு வயது வரை தேனும் கூடாது. சாப்பிடும்போது நிமிர்ந்து உட்காரவைத்துப் பக்கத்திலேயே இருங்கள். முதல் வாரங்களில் பாதி தரைக்குத்தான் போகும். பால்தான் இன்னும் முக்கிய உணவு.